சைக்கஸ், அரளி, புண்ணாக்கு: நாய்க்குட்டி வளரும் தோட்டத்தில் எது ஆபத்து?

கேள்வி: திருச்சியில் புது வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. தோட்டத்தை ஒரு நர்சரிக்காரர் அமைத்துக் கொடுத்தார். வாசலில் இரண்டு சைக்கஸ், சுற்றுச்சுவர் ஓரமாகச் செவ்வரளி, மாடியில் அடினியம் தொட்டிகள், வராந்தாவில் மணி பிளாண்ட், கற்றாழை, குரோட்டன்ஸ். எங்கள் லாப்ரடார் ராக்கிக்கு ஏழு மாதம். சென்ற வாரம் மணி பிளாண்ட் கொடியைக் கடித்துவிட்டு, எச்சில் ஒழுக, முகத்தைக் காலால் தேய்த்துக்கொண்டு துடித்துவிட்டான். மாலைக்குள் சரியாகிவிட்டது, உள் உதட்டில் மட்டும் ஒரு சிறு புண் இருக்கிறது. அதற்குள் உறவினர் ஒருவர் நாய்களுக்கு விஷமான செடிகள் என்று நீண்ட பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்கள் தோட்டத்தில் பாதி அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கு, இல்லையென்றால் நாயைக் கொடுத்துவிடு என்கிறார் கணவர். பூஜைக்கு அரளி வேண்டும், எதைத் தின்னலாம் என்று நாய்க்கே தெரியும் என்கிறார் மாமியார். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது? தொட்டிகளுக்குப் போடும் புண்ணாக்கு உரத்தையும் ராக்கி நக்குகிறான். அது பரவாயில்லையா?
– வாசகி, திருச்சி

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். ராக்கியை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். சைக்கஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள். செவ்வரளியையும் எடுத்துவிடுங்கள். புண்ணாக்கு உரத்தை இன்றே நிறுத்துங்கள். அடினியத்தை அவனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மற்றவை இருக்கலாம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்தப் புண்ணாக்குதான் எனக்கு முதல் கவலை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உரமாக விற்கும் புண்ணாக்குக் கலவைகளில் வேம்பு, கடலையோடு ஆமணக்கும் சேர்ந்திருப்பது உண்டு. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் என்ற நஞ்சு ஒரு புரதம். எண்ணெய் எடுக்கும்போது அது எண்ணெயோடு போவதில்லை, சக்கையிலேயே தங்கிவிடுகிறது. நன்றாகச் சூடுபடுத்தினால் செயலிழந்துவிடும். ஆனால் உரத்துக்கென்று வரும் மூட்டை எவ்வளவு சூடு கண்டது என்பதை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மணம் நாய்களுக்கு மிகவும் பிடிக்கும். எலும்புத் தூளும் கலந்திருந்தால் தொட்டியைக் கவிழ்த்தே தின்னும். தின்றவுடன் எதுவும் தெரியாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சோர்வும் வாந்தியும் வயிற்றுவலியும் வரும், பிறகு இரத்தம் கலந்த கழிச்சல். குட்டி நாய் ஒன்று இரத்தமாகக் கழிந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது பார்வோ வைரஸ் காய்ச்சல்தான். "தோட்டத்தில் புண்ணாக்குப் போட்டிருந்தோம், அதைத் தின்றான்" என்ற ஒரு வரியை வீட்டார் சொல்லாவிட்டால் ரிசின் யாருடைய நினைவுக்கும் வராது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. நீர்ச்சத்து குறையாமல் ஏற்றி, உறுப்புகளைக் காப்பாற்றிக் கொண்டுவருவதுதான் சிகிச்சை.

ராக்கி இதுவரை நன்றாக இருக்கிறான் என்றால் உங்கள் மூட்டையில் ஆமணக்கு இல்லாமல் இருக்கலாம், குறைவாக இருக்கலாம். அடுத்த மூட்டையும் அப்படியே இருக்கும் என்று நம்ப வழியில்லை. கடலைப் புண்ணாக்கு மட்டும்தான் போடுகிறோம் என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் உண்டாகும், அது நாயின் கல்லீரலைக் கெடுக்கும். மட்கிய சாணியெரு போதும், மண்புழு உரம் போதும். செடிகள் நன்றாகவே வளரும்.

உரத்தைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நர்சரிக்காரர் எறும்புக்கோ வேர்ப்புழுவுக்கோ குருணை மருந்து ஏதாவது மண்ணில் போட்டாரா? கட்டாயம் விசாரியுங்கள். அந்த மருந்துகளில் பல, நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லிகள். அதைத் தின்ற நாய்க்கும் எச்சில் ஒழுகும். மணி பிளாண்டைக் கடித்த நாய்க்கும் எச்சில் ஒழுகும். மணி பிளாண்ட் என்றால் தொல்லை வாயோடு நிற்கும், நாய் தெளிவாக இருக்கும், முகத்தைத் தேய்க்கும். பூச்சிக்கொல்லி என்றால் கண்ணீர் வடியும், கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், தசைகள் துடிக்கும், சிறுநீரும் மலமும் தானாகப் போகும். பின்னதைக் கண்டால் வீட்டில் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. மருந்துப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு, அட்ரோபின் எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கும்.

இனி சைக்கஸ். சேகோ பாம் என்றும் இதை விற்பார்கள். பனை வகை என்று நினைத்து வாங்குகிறோம், ஆனால் பனைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இதிலுள்ள சைகாசின் என்ற நஞ்சு இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் இருக்கிறது, விதையில் மிக அதிகம். ஒன்றிரண்டு விதைகளே ஒரு நாயைக் கொன்றுவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் இனம் ஒன்று இயற்கையாகவே வளர்கிறது. கேரளத்தில் அதன் விதையை உணவாக்குபவர்கள், காயவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, நஞ்சைக் கழுவிய பிறகுதான் மாவாக்குகிறார்கள். நாய் அப்படியே கடித்து விழுங்குகிறது. உங்கள் செடி இளையதாக இருக்கலாம், இன்னும் காய்க்காமல் இருக்கலாம். ஆனால் ஏழு மாத லாப்ரடாருக்கு விதை தேவையில்லை. அடியில் முளைக்கும் பக்கக் கன்றைத் தோண்டி எடுத்து, எலும்பைக் கடிப்பதுபோல் படுத்துக்கொண்டு கடிக்கும்.

சைக்கஸ் தின்ற நாயைப் பற்றி நீங்கள் மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டியது அதன் நடுநாளைத்தான். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும். பிறகு சில நாய்கள் தெளிந்துவிடும், தண்ணீர் குடிக்கும், வாலாட்டும். வாந்தியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும், மலம் தார் போலக் கறுக்கும், ஊசி போட்ட இடத்தில் இரத்தம் உறையாமல் கசியும். அப்போது கொண்டுவந்தால் எங்கள் கையில் அதிகம் இல்லை. வெளியான மருத்துவப் பதிவுகளில், சிகிச்சை கொடுத்தும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நாய்கள் இறந்திருக்கின்றன. ஆகவே சைக்கஸை மென்றான் என்று தெரிந்தாலே, நாய் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாலும், அந்த நேரமே மருத்துவமனை. முதல் நாளும் அடுத்த இரண்டு நாட்களும் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வாந்தி நின்றால் நோய் தீர்ந்தது என்று எண்ணக் கூடாத செடி இது. அதனால்தான் இடம் மாற்றுங்கள் என்று சொல்லாமல் எடுத்துவிடுங்கள் என்கிறேன்.

அரளியின் வேகம் வேறு. செவ்வரளி, வெள்ளரளி, பொன்னரளி எல்லாமே இதயத்தைத் தாக்கும். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு இருக்கிறது. அரளியின் நஞ்சு அந்தப் பம்பை நிறுத்திவிடுகிறது. டிஜாக்சின் என்ற இதய மருந்து வேலை செய்யும் வழியும் இதுதான். ஆனால் மாத்திரைக்கு அளவு உண்டு, இலைக்கு அளவு கிடையாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு இதயத்துடிப்பு குறைந்து தாறுமாறாகும், நாய் தள்ளாடும், சரிந்து விழும். அட்ரோபின் இங்கே துடிப்பைச் சற்று உயர்த்தும், அவ்வளவுதான். இதற்கென்று இருக்கும் எதிர்ப்புப் புரத ஊசி விலை மிக அதிகம், நாய்க்காக நம் ஊரில் தேடிக் கிடைக்கும் என்று எண்ணிவிட முடியாது.

எதைத் தின்னலாம் என்று நாய்க்கே தெரியும் என்ற உங்கள் மாமியாரின் எண்ணம் பலருக்கும் இருப்பதுதான். அரளியின் கசப்பால் பெரும்பாலான நாய்கள் பச்சை இலையைத் துப்பிவிடும் என்பதும் உண்மை. ஆனால் இலை காய்ந்தால் கசப்பு குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. கவாத்து செய்து போட்ட அரளிக் கிளைகளைத் தின்று ஆடுமாடுகள் சாவது இதனால்தான். மேய்ச்சலிலேயே வாழும் விலங்குக்கே தெரியாதபோது, வீட்டுக்குள் பிறந்து வளர்ந்து, கண்ணில் பட்ட செருப்பு, துடைப்பம், சோப்பு எல்லாவற்றையும் வாயால் அறிந்துகொள்ளும் குட்டிக்கு எப்படித் தெரியும்? லாப்ரடார்கள் இரண்டு வயதை நெருங்கும்வரை இப்படித்தான் இருக்கும்.

அவரிடம் இன்னொன்றையும் மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம். 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. கோயில்களே அப்படி முடிவெடுத்திருக்கும்போது, வீட்டுப் பூஜைக்குச் செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, துளசி போதும். இவை நான்கும் நாய்க்குக் கேடு செய்யாதவை. அரளிதான் வேண்டும் என்று அவர் மனம் சமாதானமாகாவிட்டால், கடையில் வாங்கிப் படத்துக்குப் போடட்டும். ஆனால் மறுநாள் எடுக்கும் நிர்மால்யத்தைச் செடியடியில் போடும் வழக்கம் வேண்டாம். மூடியுள்ள கூடையில் போய்ச் சேரட்டும்.

அடினியமும் அரளியின் குடும்பமே. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புக்கு இதன் பாலைத் தடவியிருக்கிறார்கள். ஆனால் தொட்டியில் இருப்பதால் இதைக் கட்டுப்படுத்த முடியும். மாடிக் கதவு சாத்தியிருந்தால் போதும். தொட்டி மாற்றும்போது நறுக்கும் வேர்த் துண்டுகளையும் கிளைகளையும் உடனே கூட்டி அள்ளிவிடுங்கள். அந்தப் பருத்த அடித்தண்டு குட்டிக்குக் கடிக்க ஆசை தரும் பொருள்.

மணி பிளாண்டைப் பற்றி நீங்கள் அஞ்சியது இயல்பு. நேரில் பார்த்தால் மனம் பதறத்தான் செய்யும். அதில் இருப்பது கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். கடித்தவுடன் வாய்த் தசையில் குத்தி நிற்கும். சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதற்கும், வேகாத சேம்பைத் தின்றால் நாக்கு நமநமப்பதற்கும் காரணம் இதே படிகங்கள்தான். டைஃபன்பேக்கியா, கலேடியம், சிங்கோனியம், பீஸ் லில்லி, மான்ஸ்டெரா எல்லாம் இந்தக் கூட்டம். வலிக்கும், ஒழுகும், உதடு வீங்கும், பெரும்பாலும் உயிர் போகாது. ஈரத் துணியால் வாயைத் துடைத்து, தண்ணீரால் கழுவி, குளிர்ந்த தயிர் ஒரு கரண்டி கொடுத்தால் எரிச்சல் தணியும். தொண்டை வீங்கி மூச்சுவிடத் திணறினால் மட்டும் அவசரம். இந்தக் கொடியைத் தொங்கும் தொட்டிக்கு மாற்றுங்கள், போதும்.

கற்றாழையின் உள்ளே இருக்கும் சோற்றைவிட, தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால்தான் வயிற்றைக் கலக்கும். உயரத்தில் வைத்துவிடுங்கள். குடலுக்கு நல்லது என்று யாராவது சொல்லிக் கேட்டு நாய்க்குக் கொடுத்துவிட வேண்டாம். குரோட்டன்ஸ் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் பட்டியலைப் பற்றி: இப்படி வரும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டங்களுக்காக எழுதப்பட்டவை. துலிப்பும் டாஃபொடிலும் திருச்சி வெயிலில் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் அசேலியாவைக் கவனிக்கலாம். பாய்ன்செட்டியா என்ற சிவப்பு இலைச் செடிக்கு இருக்கும் கெட்ட பெயர் அதன் கேட்டைவிடப் பெரியது. அசல் லில்லிகளால் சிறுநீரகம் கெட்டு இறப்பவை பூனைகள். நாய்க்கு வாந்தியோடு போகும். இத்தனையும் ஒரே எழுத்தில் ஒரே வரிசையில் இருப்பதால், வாயை எரிப்பதும் உயிரை எடுப்பதும் வீட்டாருக்கு ஒன்றாகத் தெரிகிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் பிடுங்குகிறார்கள், அல்லது அலுத்துப்போய் எதையும் தொடாமல் விடுகிறார்கள்.

மாறாக, நம் ஊரில் நடாமலே வருபவை அந்தப் பட்டியல்களில் விடுபட்டிருக்கலாம். மழை பெய்ததும் வேலியில் செங்காந்தள் ஏறும். நம் மாநில மலர், அழகானது, ஆனால் கிழங்கில் கோல்ச்சிசின் இருக்கிறது. இரத்தக் கழிச்சலில் தொடங்கி எலும்பு மஜ்ஜைவரை கெடுக்கும். பக்கத்து மனையில் ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு முளைத்திருக்கிறதா, குன்றிமணிக் கொடி சுவரைத் தாண்டி வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், மென்றால் கொல்லும். நாய் மெல்லும். நீல நிறத்தில் பூத்து வெளுத்துக்கொண்டே வரும் ப்ரன்ஃபெல்சியாவை நர்சரியில் யாராவது காட்டினால் வாங்காதீர்கள். அதன் காயைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு வரும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று அண்மையில் கண்டிருக்கிறார்கள். அந்த அமிலம் நிறைந்த புளியைத் தின்றும் நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்த நிகழ்வுகள் 2022-இல் வெளியாயின. எனவே புளியமரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைத் தின்னவும் விடாதீர்கள்.

தின்றுவிட்டான் என்றால் என்ன செய்வது? வாயில் மிச்சமிருப்பதை விரலால் எடுங்கள். பால் வடியும் செடி என்றால் வாயைக் கழுவுங்கள். என்ன செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். செடியின் ஒரு கிளையையும், வாந்தி எடுத்திருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வழியிலேயே மருத்துவரை அழைத்து நாயின் எடையைச் சொல்லிவிட்டால் அவர் மருந்தோடு காத்திருப்பார். தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைக்கலாம், பிறகு கரித்தூள் மருந்து கொடுத்து மிச்சத்தைப் பிடிக்கலாம். நேரம் கடக்கக் கடக்க இந்த வழிகள் அடைபடுகின்றன.

வீட்டில் உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கத்தை நான் கைகூப்பி வேண்டாம் என்கிறேன். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பே அதற்கு நஞ்சு, 4 கிராம் உயிரை எடுக்கும். ஐந்து கிலோ பொமரேனியனுக்கு 20 கிராம்தான் கணக்கு. பதற்றத்தில் அள்ளிப் போடும் ஒரு பெரிய கரண்டியில் அவ்வளவு வந்துவிடும். செடி கொல்லாத நாயை உப்பு கொன்றுவிடும். சோப்புத் தண்ணீர், நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று எதையும் வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பால் எல்லா விஷத்தையும் முறிக்கும் என்பதும் உண்மையல்ல. வலிப்பு வந்த நாய்க்கும், மயங்கிய நாய்க்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாய்வழியாகக் கூடாது.

இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை இப்போதே விசாரித்து, எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். இரத்தப் பரிசோதனையும் இசிஜியும் உள்ளூரில் கிடைக்காத நிலை வந்தால், நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் உங்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளவை.

செடிகளை எடுக்கும் நாளில் ராக்கி வீட்டுக்குள் இருக்கட்டும். அன்றைக்குத்தான் வேரும் கிழங்கும் இலையும் தரையெல்லாம் கிடக்கும், ஆபத்து மிகுதி. கையுறை போட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். சைக்கஸை வேரோடு தோண்டி, குழி மண்ணைக் கிளறி, கன்றும் விதையும் வேர்த் துண்டும் விடாமல் பொறுக்க வேண்டும். அரளிக் கிளைகளைத் தெருவோரம் போடாதீர்கள், அங்கே ஆடும் மாடும் தின்னும். எரிக்கவும் வேண்டாம், புகையும் தீங்கு செய்யும். சாக்கில் கட்டி, நஞ்சுச் செடி என்று சொல்லி, குப்பை வண்டியில் நேரடியாக ஏற்றுங்கள். சைக்கஸை விலைக்குக் கேட்டு யாராவது வந்தால், வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்ட பிறகே கொடுங்கள்.

காலியான இடத்தில் ஒரு பகுதியை அருகம்புல்லுக்கு விடுங்கள். நாய் புல் தின்பது இயல்பு, அதை அவனுக்கென்று ஒதுக்கிவிட்டால் தொட்டிகளின் மீது கவனம் குறையும். காலையில் ஒரு நீண்ட நடையும், கடிப்பதற்குக் கெட்டியான ரப்பர் பொம்மையும் இருந்தால் இன்னும் குறையும். நடக்கப் போகும்போது நெடுஞ்சாலையின் நடுத்திட்டுப் பக்கம் வேண்டாம், அங்கே நட்டிருப்பது பெரும்பாலும் அரளிதான்.

ராக்கியின் உள் உதட்டில் இருக்கும் புண் மணி பிளாண்டால் வந்ததென்றால் தானாக ஆறும். இரண்டு மூன்று நாட்கள் உணவைக் குழைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஆறாமலிருந்தாலோ, உணவை மறுத்தாலோ, எச்சில் மறுபடி ஒழுகினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது புண்ணாக்கு நக்கியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.